நுரை

இதை மலரில் போடுவார்களா என்ற சந்தேகத்தோடுதான் எழுத உட்கார்ந்தேன். நம் பேரவை மலருக்குக் கட்டுரை கேட்டால் நம்மில் பலர் அம்மாவைப் பற்றி எழுதுவோம், இல்லாவிட்டால் தமிழ்ப்பள்ளியைப் பற்றி எழுதுவோம். முதலாம் ஆண்டில் நானும் அப்படி ஒன்று எழுதிக் கொடுத்தேன், அச்சிலும் வந்தது. இந்த முறை எழுதப்போவது பீரைப் பற்றி. ஆனால் படித்துக்கொண்டே போனால் இதிலும் அம்மா வந்துவிடுவார், தமிழ்ப்பள்ளியும் வந்துவிடும். எனக்கு வேறு மாதிரி எழுதத் தெரியவில்லை.

நான் படிப்பது உயிரித் தொழில்நுட்பம். மூன்றாம் ஆண்டில் நொதித்தல் பற்றிய பாடம் ஒன்று உண்டு. முதல் ஆய்வுக்கூட வகுப்பில் விரிவுரையாளர் ஒரு கூம்புக் குடுவையை என் கையில் கொடுத்து, எண்களை எழுதுவதற்கு முன்னால் மூக்கால் தெரிந்துகொள்ளச் சொன்னார். உள்ளே சர்க்கரைக் கரைசல், அதில் ஈஸ்ட், மேலே ஒரு விரல் உயரத்துக்கு நுரை. முகர்ந்தேன். அடுத்த கணம் நான் ஆய்வுக்கூடத்தில் இல்லை. குளுவாங்கில் எங்கள் தாமான் வீட்டில், பத்து வயதுப் பிள்ளையாக, போர்வைக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன். வெளியே மோட்டார் சைக்கிள் சாய்ந்து விழும் சத்தம். குடுவையை மேசையில் வைத்துவிட்டு வெளியே ஓடினேன். நான் காலையில் பசியாறாமல் வந்துவிட்டேன் என்று நினைத்து விரிவுரையாளர் பிஸ்கட் வாங்கிக் கொடுத்தார். நல்ல மனுஷி. நானும் ஆமாம் என்று சொல்லிச் சாப்பிட்டேன்.

அப்பா லாரி ஓட்டினார். குடித்தது பீர் அல்ல, சம்சு. தட்டையான சிறிய பாட்டில், சட்டைப் பைக்குள் அடங்கிவிடும். நான் தமிழ்ப்பள்ளியில் படித்த ஆறு வருடமும் வெள்ளிக்கிழமை இரவுகள் எப்படி இருந்தன என்பதை இங்கே விரித்து எழுதப்போவதில்லை. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தவர்களுக்கு நான் எழுத வேண்டியதில்லை; மற்றவர்களுக்கு எழுதினாலும் விளங்காது. 2016-இல், நான் இடைநிலைப்பள்ளியில் புகுமுக வகுப்பில் இருந்தபோது, கல்லீரல் கெட்டு அப்பா இறந்தார். சடங்கெல்லாம் முடிந்த மறுநாள் அம்மா என்னையும் தம்பியையும் அப்பாவின் படத்துக்கு முன்னால் நிறுத்தி, சாகும்வரை அதைத் தொடமாட்டோம் என்று கையடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். எனக்குப் பதின்மூன்று வயது. தம்பிக்கு ஒன்பது. 'அதை' என்றுதான் அம்மா சொன்னார், பெயரைச் சொல்லவில்லை.

அந்தப் புகுமுக வகுப்பில்தான் 'மாபோக்' என்ற மலாய்ச் சொல்லின் முழுப் பலத்தையும் அறிந்தேன். போதை என்று பொருள். ஒரு பையன் தள்ளாடி நடந்து காட்டுவான், வகுப்பே சிரிக்கும், பிறகு எல்லாரும் எங்களைப் பார்ப்பார்கள். நாங்கள் நான்கு தமிழ்ப் பிள்ளைகள். மற்ற மூவரும் திருப்பித் திட்டினார்கள். நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அவன் நடித்துக் காட்டியது பொய் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு நான் ஈஸ்டையே ஆய்வுத் தலைப்பாக எடுத்ததற்குக் காரணம் கேட்டால், பயந்த நாயைப் பார்த்தால் கிட்டப்போய்த் தலையைத் தடவச் சொல்வார்களே, அந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு செமஸ்டர் முழுக்க அந்த வாசனையோடு உட்கார்ந்தேன். நான்காவது வாரம் தலைவலி நின்றது. எட்டாவது வாரம் அது ரொட்டிக்கடை வாசனையாக மாறிவிட்டது. இரண்டும் ஒரே உயிர்தானே, சக்கரோமைசிஸ் செரிவீசியே. மாவில் விட்டால் ரொட்டி உப்பும், மால்ட் சாற்றில் விட்டால் பீர் ஆகும். அதற்கு ஒன்றும் தெரியாது. சர்க்கரையைத் தின்று, சாராயத்தையும் கரியமில வாயுவையும் வெளியே விடும், அவ்வளவுதான்.

பெரியம்மா மகள் அக்கா ஜொகூர் பாருவில் இருந்துகொண்டு சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் கணக்கு வேலை பார்க்கிறார். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து பாலத்தைக் கடப்பவர்களில் ஒருவர். என் ஆய்வுத் தலைப்பைக் கேட்டதும் சிரித்துவிட்டார்.

"பீரைப் பத்தி எழுதுற, பீர் ருசி தெரியாதுங்குற. சமையல் தெரியாதவ சமையல் புத்தகம் எழுதுற மாதிரில்ல இருக்கு?"

"சத்தியம் பண்ணிருக்கேன்க்கா."

"சின்னம்மாகிட்ட பண்ண சத்தியமா? நானும்தான் பண்ணேன், பன்னெண்டு வயசுல, உலகத்துல உள்ள எல்லாத்துக்கும். வா, அஞ்சு குட்டிக் கிளாஸ்தான். உனக்கு இருபத்திரண்டு ஆச்சுல்ல?"

ஆகிவிட்டது. நம் நாட்டில் 2017 டிசம்பர் முதல் மது வாங்கும் வயது 18-இலிருந்து 21-க்கு உயர்ந்தது. சிங்கப்பூரில் 18 போதும். இரண்டு கரையிலும் சட்டம் எனக்குக் குறுக்கே நிற்கவில்லை. குறுக்கே நின்றது ஒரு புகைப்படம்.

போவதற்கு முன்னால் ஒரு வாரம் படித்தேன். (பயம் வந்தால் படிப்பது என் வழக்கம்.) சிறிய அளவில், தாங்களே சமைத்து, பெரிய ஆலைகள் துணியாத ருசிகளைச் செய்து பார்ப்பவர்களின் பீரைக் கிராஃப்ட் பீர் என்கிறார்கள். நம் ஊரில் பெரிய ஆலைகள் இரண்டு, ஒன்று ஷா ஆலாமில், மற்றொன்று சுங்கை வேயில். சிறியவர்களுக்கு இங்கே இடம் குறைவு. 2017-இல் கோலாலம்பூரில் நடக்கவிருந்த கிராஃப்ட் பீர் விழா ஒன்றுக்கு எதிர்ப்புக் கிளம்பியபின் மாநகர் மன்றம் அனுமதி தரவில்லை. சிங்கப்பூரின் கதை வேறு. அங்கே 1931-இல் ஜெர்மானியர்கள் ஆர்க்கிபெலாகோ என்ற ஆலையைத் தொடங்கினார்கள். அதே ஆண்டு உருவான மலாயன் புருவரிஸ் அடுத்த ஆண்டு டைகர் பீரை வெளியிட்டது. போர் வந்ததும் 1941-இல் முன்னது பின்னதன் கைக்குப் போனது. சிறிய ஆலைகளில் புருவர்க்ஸ் 1997-இல் ஆற்றோரம் கடை திறந்தது. 2006-இல் ஆர்க்கிபெலாகோ பெயரையும் தூசு தட்டி எடுத்து, நம் வட்டாரத்து மணப்பொருள்களைப் போட்டுப் பீர் செய்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த செய்தி 2022-இல் கடைக்கு வந்த நியூபுரூ: சாக்கடை நீரைச் சுத்திகரித்து எடுத்த நியூவாட்டரில், பொதுப் பயனீட்டுக் கழகமும் புருவர்க்ஸும் சேர்ந்து காய்ச்சிய பீர். அக்காவிடம் சொன்னேன். "நம்ம அதைக் குடிக்கப் போகல" என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

வீட்டில் பீர் செய்யவும் அங்கே வழி உண்டு. 2004 முதல் ஒரு குடும்பம் தன் உபயோகத்துக்கு மாதம் 30 லிட்டர் வரை காய்ச்சிக்கொள்ளலாம். 30 லிட்டர்! எங்கள் பாட்டி கேட்டால் அன்றைக்கே கடப்பிதழ் எடுக்கச் சொல்வார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா என்னைக் கூட்டிப்போன இடம் மரீனா பே நிதி மையத்தின் முதல் கோபுரம், 33-ஆவது மாடி. கடையின் பெயரும் லெவல் 33. 2010 முதல் அங்கே, அந்த உயரத்திலேயே, பீர் காய்ச்சுகிறார்கள். மின்தூக்கியில் காது அடைத்தது. கதவு திறந்ததும் செம்புக் கொப்பரைகள். ஆளுயரத்துக்கு மேல், விளக்கொளியில் கோயில் கலசம் போல மின்னிக்கொண்டிருந்தன. சுவாமி கும்பிட்டுவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது.

கொப்பரைக்குள் நடப்பதை நான் பாடத்தில் படித்திருந்தேன். பார்லியை ஊறவைத்து முளைகட்டி, முளை நீளும் முன் சூட்டில் உலர்த்துவார்கள், அதுதான் மால்ட். அதை உடைத்து 65, 68 பாகை வெந்நீரில் ஊறவைத்தால், முளைக்கும்போது தானியம் தனக்காக உண்டாக்கிக்கொண்ட நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைத்துவிடும். வடித்த சாற்றை ஹாப்ஸ் என்னும் கொடியின் பூவோடு ஏறக்குறைய ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, ஆறவைத்து, ஈஸ்டைப் போடுவார்கள். குளிரில் வாரக்கணக்கில் மெதுவாக நொதித்தால் லேகர். அறைச் சூட்டுக்குப் பக்கத்தில் சீக்கிரம் நொதித்தால் ஏல்.

பாளையிலிருந்து சொட்டும் கள்ளுக்கு இந்தப் பாடு எதுவும் கிடையாது. சர்க்கரை மரத்திலேயே இருக்கிறது, ஈஸ்ட் காற்றிலும் பானையிலும் இருக்கிறது. காலையில் இறக்கும்போதே நுரைக்கும். சாயங்காலத்துக்குள் பீரளவு போதை ஏறிவிடும். மறுநாள் புளித்துக் காடியாகிவிடும். பீரைப் புட்டியில் அடைத்துக் கடல் கடத்தலாம். கள்ளு தோட்டத்தைவிட்டு வெளியே போவதற்குள் கெட்டுவிடும். கள்ளுக்கடைகள் லயத்துக்குப் பக்கத்திலேயே இருந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் தோன்றியது.

நீளமான மரப்பலகையில் ஐந்து கிளாஸ் வந்தன. வெளுப்பிலிருந்து கறுப்பு வரை வரிசை. பரிசாரகர் ஒவ்வொன்றின் ருசியையும் ஆங்கிலத்தில் சொன்னார். கிரேப்ஃபுரூட், பைன் மரம், டார்க் சாக்லேட். பைன் மரத்தை நான் கிறிஸ்மஸ் அட்டையில்தான் பார்த்திருக்கிறேன். அதனால் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, என் நாக்குக்குத் தெரிந்ததை என் மொழியில் எழுதுவது என்று முடிவு செய்தேன். தமிழ்ப்பள்ளியில் அறுசுவையை வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தது அன்றைக்குத்தான் பயன்பட்டது. நல்ல நேரத்தில்!

முதல் கிளாஸ், லேகர். கையில் எடுத்தேன். உடனே குடித்துவிடவில்லை. மோந்தேன். அக்கா கடலைப் பார்த்துக்கொண்டிருப்பதுபோல் பாவனை செய்தார். பிறகு குடித்தேன். காய்ச்சல் வந்தால் அம்மா கொடுக்கும் பார்லித் தண்ணீர், சீனி போட மறந்துவிட்டது, கடைசியில் கொஞ்சம் கைப்பு. அவ்வளவுதான். பதின்மூன்று வயதில் செய்த சத்தியம் பார்லித் தண்ணீரில் உடைந்தது. இடி விழவில்லை.

இரண்டாவது கோதுமை பீர். கலங்கலாக இருந்தது. பழுத்த பிசாங் மாஸ் வாசனையும் கிராம்பு வாசனையும் அடித்தன. இப்படிப்பட்ட கோதுமை பீரில் வாழைப்பழமும் போடுவதில்லை, கிராம்பும் போடுவதில்லை; அந்த வகை ஈஸ்ட் தானாக அந்த வாசனைகளை உண்டாக்குகிறது. பாடப் புத்தகத்தில் வேதியியல் பெயராகப் படித்தது மூக்குக்குள் வந்து நின்றபோது எனக்குச் சந்தோஷத்தில் கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தினேன் என்றும் அக்கா சொல்கிறார்.

மூன்றாவது ஐ.பி.ஏ. நார்த்தங்காய்த் தோல், பாகற்காய். முகம் கோணிவிட்டது. இந்தப் பெயரில் உள்ள 'ஐ' இந்தியாவைக் குறிப்பது. இந்தியாவிலிருந்த வெள்ளைக்காரர்களுக்காக ஹாப்ஸைக் கூடுதலாகப் போட்டு இங்கிலாந்திலிருந்து கப்பலில் அனுப்பிய பீர். எங்கள் பூட்டனாரும் கப்பலில் வந்தவர்தான், ரஜூலாவில், அதே கடலில் இந்தப் பக்கமாக. அவருக்காக யாரும் எதையும் கூடுதலாகப் போட்டதாகத் தெரியவில்லை.

நான்காவது போர்ட்டர். இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகச் சொல்ல வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டு இலண்டனில் மூட்டை தூக்கிய கூலிகள் விரும்பிக் குடித்ததால் வந்த பெயர் இது. போர்ட்டர் என்றால் சுமை தூக்குபவர். வறுத்த கச்சான், குலா மலாக்கா, அடியில் இலேசான துவர்ப்பு. இரண்டாம் முறை உறிஞ்சினேன். மூன்றாம் முறை. ஒரு நாட்டுக் கூலிகளின் பானத்தை இன்னொரு நாட்டில் 33-ஆவது மாடியில் செம்புக் கொப்பரையில் காய்ச்சி, பலகையில் வைத்துப் பரிமாறுகிறார்கள். எங்கள் கூலிகளின் பானத்துக்கு அப்படி ஒரு மாடி எங்கேயும் கட்டவில்லையே என்று யோசித்துக்கொண்டிருந்தபோது கிளாஸ் காலியாகிவிட்டதைக் கவனித்தேன். எனக்குப் பிடித்திருந்தது. அந்த ஐந்தில் அதுதான் மிகவும் பிடித்திருந்தது. இன்னொன்று வேண்டும்போல் இருந்தது.

அங்கேதான் நடுங்கிவிட்டேன். இன்னொன்று வேண்டும் என்று கேட்பது என் நாக்கா, இல்லை வேறு யாராவதா? இந்தப் பயத்தை எந்த ஆய்வுக் கட்டுரையும் தீர்த்துவைக்கவில்லை. குடிப்பழக்கத்தில் பரம்பரைக்கும் பங்கு உண்டு, ஆனால் பரம்பரை மட்டுமே முடிவு செய்வதில்லை என்கிற அளவுக்கு எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்வது? கைவிரல்களைப் பார்த்தேன். அப்பாவின் விரல்கள்தான், முட்டி பெரிது.

ஐந்தாவது ஸ்டவுட். "குளுவாங் ரயில் நிலையக் காப்பி, அடிபிடித்த பால்" என்று எழுதினேன். பாதியோடு வைத்துவிட்டேன். காது சூடாகியிருந்தது. அக்கா மிச்சத்தைக் குடித்தார். பில்லை அவரே கட்டினார். எவ்வளவு என்று எனக்குக் காட்டவில்லை. எழுந்து வரும் முன் நோட்டில் கடைசியாக ஒரு வரி எழுதினேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

அன்று சாயங்காலம் லிட்டில் இந்தியாவில் சாப்பிட்டோம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் நிறைந்திருந்தார்கள். தஞ்சாவூர்த் தமிழும் புதுக்கோட்டைத் தமிழும் காதில் விழுந்தன. புல்தரையில் வட்டமாக உட்கார்ந்து சோற்றுப் பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கையில் இனிப்புச் சோடா. 2013 டிசம்பர் 8-ஆம் தேதி இரவு ரேஸ்கோர்ஸ் சாலையில் ஒரு பேருந்து ஏறி இந்தியத் தொழிலாளி ஒருவர் இறந்து, அதைத் தொடர்ந்து கலவரம் மூண்டது பலருக்கு நினைவிருக்கும். விசாரணைக் குழு மதுவையும் காரணங்களில் ஒன்றாகச் சொன்னது. 2015 ஏப்ரல் முதல் புதிய சட்டம்: தீவு முழுவதும் இரவு 10.30-க்கு மேல் பொது இடத்தில் குடிக்கக் கூடாது. லிட்டில் இந்தியாவில் சனி காலை 7 மணியிலிருந்து திங்கள் காலை 7 மணிவரை அறவே கூடாது. உரிமம் பெற்ற உணவகத்துக்குள் உட்கார்ந்து குடிக்கத் தடை இல்லை. காசு இருந்தால்.

இதைச் சொன்னதும் அக்கா, "அன்னிக்கு அந்தத் தெருவில குடிச்சிட்டு கிடந்தவங்களைப் பார்த்திருந்தா நீ இப்படிப் பேசமாட்ட" என்றார். அதுவும் உண்மைதான். வெள்ளிக்கிழமை இரவில் என் வீட்டு வாசலில் ஒரு போலீஸ்காரர் வந்து பாட்டிலைப் பறித்திருந்தால் நான் அவர் காலில் விழுந்திருப்பேன். இரண்டு எண்ணமும் எனக்குள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. ஒன்று மற்றொன்றை எழுந்து போகச் சொல்லவில்லை.

மாட்டிக்கொண்டது அக்காவால். செம்புக் கொப்பரைக்கு முன்னால் என்னைப் படம் பிடித்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டார். பெரியம்மா பார்த்தார். பெரியம்மா பார்த்தால் அம்மா பார்த்ததுபோல.

விடுமுறையில் குளுவாங் வந்தேன். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. சோறு போட்டார், துணி துவைத்தார், மூன்று நாள் பேசவில்லை. எங்கள் வீட்டில் அம்மாவும் அப்பாவின் அம்மாவும் ஒன்றாகத்தான் இருக்கிறார்கள். மகன் போனபின் மாமியார் எங்கே போவார்? நான்காம் நாள் பாட்டி திண்ணையில் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, இரகசியமாகக் கேட்டார்:

"எப்படிடி இருந்துச்சு?"

"கசப்பா இருந்துச்சு பாட்டி. ஒண்ணு மட்டும் நல்லா இருந்துச்சு."

"நாங்க மரம் வெட்டிட்டு வந்து மத்தியானம் ஒரு மங்கு கள்ளு குடிப்போம். பொம்பளைங்களுந்தான். உடம்புவலி போயிரும். மிச்சத்த ஆப்பமாவுல ஊத்துவேன். உங்கப்பன் அந்த ஆப்பத்துக்கு உசுர விடுவான். கள்ளு குடிச்சவன் பாடுவான்டி. இந்தச் சம்சு வந்துதான் எல்லாம் நாசமாப் போச்சு."

பாட்டி சொன்னதை முழுதாக நம்ப எனக்கு ஆசைதான். ஆனால் நம் பேரவையின் கருத்தரங்குக்காகப் படித்தது குறுக்கே வந்தது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் ஆர்.எச். நாதன் போன்றவர்களின் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளில் சம்பளம், பிள்ளைகளுக்குப் பள்ளி, துரைக்கு முன்னால் சைக்கிளை விட்டு இறங்காதிருக்கும் உரிமை ஆகியவற்றோடு கள்ளுக்கடைகளை மூடுவதும் ஒன்று. நாதனை நாடு கடத்தினார்கள், துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள். 1947-இல் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடை மறியல் செய்தபோது பீடோங்கில் போலீசாரோடு மோதல் ஏற்பட்டு ஒரு தொழிலாளி உயிரிழந்தார். கள்ளு குடித்தவர்கள் எல்லாரும் பாடிக்கொண்டு மட்டும் இருந்திருந்தால் அந்தக் கடையை மூடச் சொல்லி ஒருவர் ஏன் சாக வேண்டும்? அந்தக் கடைகளைத் தோட்ட நிர்வாகங்களே நடத்திய காலம் ஒன்று இருந்தது. காலையில் கொடுத்த கூலி சாயங்காலம் அதே துரையிடம் திரும்பிப் போனது. இதையெல்லாம் பாட்டியிடம் சொல்லவில்லை. அவர் முகத்தில் ஆப்பமாவின் வாசனை தெரிந்தது.

உள்ளே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு எங்கள் இரகசியம் கேட்டிருக்கிறது. அங்கிருந்தே சொன்னார்:

"உங்கப்பாவும் முதல்ல ருசி பார்க்கத்தான் போனாரு."

பாட்டி வாயை மூடிக்கொண்டார். எனக்கும் பதில் இல்லை. இன்றுவரை இல்லை. போர்ட்டர் கிளாஸ் காலியானதைக் கவனித்த அந்த நொடியை அம்மா பார்க்காமலேயே பார்த்துவிட்டார்.

அறைக்குள் போய்ப் பையிலிருந்து நோட்டை எடுத்துவந்து அம்மாவின் முன்னால் வைத்தேன். மன்னிப்புக் கேட்கத் தெரியாமல்தான் அப்படிச் செய்தேன். அம்மா ஆறாம் வகுப்பு வரை தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவர். தமிழ் நன்றாக வாசிப்பார். நான் ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு இங்கே வேலை இல்லாமல் போயிருக்கும். கையைத் துடைத்துக்கொண்டு, விரலை வரிக்குக் கீழே வைத்து, மெதுவாக வாசித்தார். பார்லித் தண்ணீரில் புருவம் உயர்ந்தது. பாகற்காயில் என்னைப் பார்த்தார்.

"அடிபிடிச்ச பாலா? அதைக் காசு குடுத்து யாருடி குடிப்பா?"

திண்ணையில் பாட்டி சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. அம்மாவின் விரல் கடைசி வரிக்கு வந்திருந்தது. அந்த 33-ஆவது மாடியில், எழுந்து வருவதற்கு முன்னால் எழுதியது: 'ஐந்தையும் மோந்து பார்த்தேன். எதிலும் அப்பா வாசனை இல்லை.'

அம்மா அந்த வரியை வாசித்து முடிக்க அதிக நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு நோட்டை மூடி, வெங்காயத் தோல் படாத பக்கமாகத் தள்ளி வைத்தார்.

"ஒண்ணுலகூடவா இல்ல?"

"இல்லம்மா."

அம்மா அடுத்த வெங்காயத்தை எடுத்தார். நானும் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.